கடிகாரம் - நீர் - உடல்: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

திருப்பூரில் பெரிய ஏற்றுமதிக்காரர்கள் சிலரது மணிக்கட்டில் இருக்கும் சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களின் முகப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: 300 மீட்டர், ஆயிரம் அடி. அவ்வளவு ஆழத்து நீரின் அழுத்தத்தைக் கடிகாரம் தாங்கும் என்பது அதன் பொருள். கட்டியிருப்பவர் தாங்கமாட்டார். முதுகில் காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு பொழுதுபோக்காகக் கடலுக்குள் மூழ்குகிறவர்களுக்கு வகுக்கப்பட்டிருக்கும் எல்லையே 40 மீட்டர்தான். திருப்பூரோ கடல் இல்லாத ஊர். ஊர் நடுவே போகும் நொய்யலில் காலை நனைக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த 300 மீட்டர் என்னத்துக்கு?

பகட்டு, பணத்திமிர் என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிடலாம். நம் நண்பர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ குடும்பத்தோடு போகிறவர், பல லட்சம் ரூபாய்க் கடிகாரத்தைக் கழற்றி வைக்காமல் அலைக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார். பகட்டு மட்டும்தான் நோக்கம் என்றால் பொருளைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் காட்டுவதே போதும். தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும் என்கிற ஆசை வேறு எங்கிருந்தோ வருகிறது. அது எங்கிருந்து என்று பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1957ல் வெளிவந்த தன் நூலில் நவீனத் தொன்மங்களைப் பற்றிச் சொன்னது இங்கு உதவும். வரலாற்றில் உண்டான ஒன்றை இயற்கையானதாகத் தோன்றவைப்பதே தொன்மத்தின் வேலை என்றார் அவர். சாகசக்காரனின் கையில் கடிகாரம் இருப்பது இன்று நமக்கு இயற்கையாகத் தோன்றுகிறது. ஆனால் தண்ணீருக்குள் இறங்குகிற கையும் நேரம் பார்க்கிற கையும் வெகுகாலம் வேறுவேறு ஆட்களுடையவையாக இருந்தன. அவ்விரண்டையும் ஒரே மணிக்கட்டில் சேர்த்துவிட்டதாக இந்தக் கடிகாரம் சொல்லிக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்தது யாருடைய கை, விடுபட்டுப் போனது யாருடைய கை என்பதுதான் என் கேள்வி.

2

நம் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு ஆழத்தின் அளவு மீட்டர் அல்ல, பாகம். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை உள்ள நீளம் ஒரு பாகம். ஆழத்தை உடம்பாலேயே அளந்தார்கள். முங்குகிறவர் காலைக் கல்லில் ஊன்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அடியில் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். மூச்சு முடிகிற நேரத்தில் கயிற்றைச் சுண்டுவார். மேலே படகில் இருப்பவர் இழுத்துவிடுவார். கயிறு பிடிக்கிறவர் முங்குகிறவரின் மச்சானாக இருப்பார் என்று கரையோரத்தில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்றால் எவன் கைவிடுவான்?

இந்தக் காட்சியில் கடிகாரம் எங்கே இருந்தது? படகில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பைப் பார்க்க வந்த வெள்ளை அதிகாரிகளும் பயணிகளும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே போனவன் எத்தனை வினாடியில் மேலே வருகிறான் என்று கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே இருந்தது அந்தக் கணக்கு. நான்கைந்து நிமிடம் தாங்குவார்கள் என்று முன்பு சொல்லப்பட்ட கதைகளை இப்படி அளந்து பொய்யாக்கினார்கள். இதில் தவறொன்றுமில்லை. ஆனால் கணக்கு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்க வேண்டும். அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு சிப்பி, முங்கினவர்களுக்கு ஒரு பங்கு என்பது அன்றைய ஏற்பாடு. மூச்சை அளப்பதும் சிப்பியை எண்ணுவதும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு வேலைகள்.

சுறாவைக் கட்டுகிற மந்திரவாதி ஒருவரும் இந்த ஏற்பாட்டில் உண்டு. கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் முங்கமாட்டோம் என்று தொழிலாளர்கள் நின்றதால் கும்பினி அரசும் பிறகு வந்த பிரிட்டிஷ் அரசும் அவருக்குச் சலுகை கொடுத்தே வந்தன. பகுத்தறிவு பேசிய அரசாங்கம் மந்திரவாதியை ஏன் வைத்துக்கொண்டது? தங்கள் உடம்புக்கு உத்தரவாதம் என்று முங்குகிறவர்கள் கேட்டு வாங்கிய ஒன்று அது. மந்திரம் பலித்ததா இல்லையா என்பது வேறு விஷயம். பாதுகாப்பு இல்லாமல் இறங்கமாட்டோம் என்று சொல்லும் பலம் அவர்களிடம் இருந்தது. கடைசியில் இந்த இடத்துக்கே வருவேன்.

3

கடிகாரம் தண்ணீருக்குள் இறங்கிய கதை ஒரு பெண் தொழிலாளியிடமிருந்து தொடங்குகிறது. லண்டனில் தட்டச்சு வேலை பார்த்த மெர்சிடிஸ் கிளைட்ஸ் 1927 அக்டோபர் 7 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் செய்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான். சில நாட்களில் இன்னொரு பெண் தானும் நீந்தியதாக அறிவித்து, பிறகு அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். உடனே கிளைட்ஸின் நீச்சலையும் சந்தேகப்பட்டார்கள். தன்னை நிரூபிக்க அக்டோபர் 21 அன்று, இன்னும் குளிர்ந்திருந்த நீரில், மறுபடி இறங்கினார்.

அப்போதுதான் ரோலக்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் வருகிறார். முந்தைய ஆண்டு, 1926ல், தண்ணீர் புகாத ‘ஆய்ஸ்டர்’ கூட்டை அவர் நிறுவனம் கொண்டுவந்திருந்தது. ஆய்ஸ்டர் என்றால் சிப்பி. திருகி மூடும் சாவியும் மூடியும் கொண்ட கூடு அது. அப்படி ஒரு கடிகாரத்தை கிளைட்ஸிடம் கொடுத்தனுப்பினார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபின் குளிர் தாங்காமல் அவரைப் படகில் தூக்கிப் போட வேண்டியிருந்தது. உடம்பு தோற்றது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று லண்டன் ‘டெய்லி மெயில்’ நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் கடிகாரத்தின் வெற்றி விளம்பரமாக வந்தது.

இங்கு இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கடிகாரம் அவர் மணிக்கட்டில் இல்லை. கழுத்தில் நாடாவில் தொங்கியது. அவர் அதைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்வதற்காகக் கட்டப்பட்டதல்ல அது. முத்துக்குளிக்கிறவனின் மூச்சைப் படகிலிருந்து அளந்த கடிகாரம் இப்போது உடலோடு இறங்கிவிட்டது. ஆனால் இம்முறை சோதனைக்கு உள்ளானது கடிகாரம், சோதனைச் சாலை ஒரு பெண்ணின் உடல். இரண்டு, வெற்றிகரமான முதல் நீச்சலில் கடிகாரமே கிடையாது. முடிக்க முடியாமல்போன நீச்சலைத்தான் விளம்பரம் வெற்றியாக மாற்றியது. கிளைட்ஸ் நீச்சலில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு லெஸ்டர் நகரில் வறியவர்களுக்கு இல்லம் திறக்க வழிசெய்தார். அதை எந்தக் கடிகார விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்திலும் கடலை நீந்தியவர்கள் இருந்தார்கள். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ல் பாக்கு நீரிணையை அக்கரைக்குப் போய்த் திரும்பி நீந்தினார். கிளைட்ஸை வென்ற அதே ஆங்கிலக் கால்வாயில் 1984 ஆகஸ்டில் உயிரை விட்டார். நீச்சல் வரலாறு எழுதுகிறவர்கள் எந்தெந்த உடல்களை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதில் விளம்பரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

4

தண்ணீரிலிருந்து கரைக்கு வந்தாலும் கதை இப்படித்தான் போகிறது. முரட்டு விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட ஆடம்பரக் கடிகாரங்களில் பழையதான ஒன்று இந்தியாவுக்காகவே பிறந்தது. 1930 வாக்கில் சேசர் டி ட்ரே என்ற சுவிஸ் கடிகார வணிகர் இங்கு வந்திருந்தபோது, போலோ ஆடிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் கடிகாரக் கண்ணாடி அடிபட்டு உடைவதைப் பற்றி முறையிட்டார்களாம். முகப்பைத் திருப்பி உள்பக்கமாக மறைத்துக்கொள்ளும் கூட்டுக்கு 1931 மார்ச்சில் பாரிசில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ரிவெர்சோ என்று பெயர் வைத்து இன்றும் விற்கிறார்கள். அந்த போலோவே மணிப்பூர் மக்களிடமிருந்து வெள்ளைத் தோட்ட முதலாளிகள் கற்றுக்கொண்ட ஆட்டம். 1859ல் சில்சாரில் அவர்கள் முதல் கிளப்பைத் தொடங்கினார்கள். ஆட்டத்தைக் கொடுத்த மணிப்பூர்க்காரரும், குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிய லாயக்காரரும் கடிகாரத்தின் கதையில் இல்லை. உடைந்த கண்ணாடி மட்டும் இருக்கிறது.

1953ல் எவரெஸ்ட். உச்சிக்குப் போனது எங்கள் கடிகாரம்தான் என்று ரோலக்ஸும் இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் நிறுவனமும் விளம்பரம் செய்தன. அந்த வழக்கு கடிகாரப் பிரியர்களிடையே இன்னும் தீரவில்லை. அந்தப் பயணத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்ட சுமைக்காரர்கள் மூட்டை தூக்கினார்கள் என்பதைப் பற்றி வழக்கு எதுவுமில்லை. காத்மண்டுவில் பிரிட்டிஷ் தூதரகத்தில் வெள்ளையர்களுக்கு அறைகளும் ஷெர்பாக்களுக்கு வண்டிக் கொட்டகையும் ஒதுக்கப்பட்டன. ஷெர்பாக்கள் அதற்குத் தங்கள் பாணியில் எதிர்ப்புக் காட்டினார்கள்: மறுநாள் காலை தூதரகத்துக்கு முன்னாலேயே வரிசையாக நின்று மூத்திரம் பெய்தார்கள். இறங்கி வந்தபின் ஹிலாரிக்கும் ஹண்டுக்கும் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம்.

அதே மலையில் அதே பனியில் ஒருவர் நடந்தால் சாகசம், மற்றவர் நடந்தால் கூலி. ஆபத்து இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கூலிக்காரருக்குக் கூடுதலாக முதுகில் பாரம். சாகசம் என்ற சொல்லாடல் இந்த வித்தியாசத்தை மறைக்கிற வேலையைச் செய்கிறது. ஆபத்தை விரும்பித் தேடிப்போகும் வசதி உள்ளவருக்கே அந்தச் சொல் கிடைக்கிறது.

5

ஆழ்கடல் கடிகாரங்கள் ஒரு காலத்தில் உண்மையிலேயே வேலைக் கருவிகளாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1953ல் பிளாங்பான் நிறுவனம் கொண்டுவந்த ‘ஐம்பது பாகம்’ என்ற பெயருடைய கடிகாரத்தை பிரெஞ்சுக் கடற்படை வீரர்கள் பயன்படுத்தினார்கள். நம் முத்துக்குளிப்பாளரின் அதே உடம்பளவுதான் பெயராகியிருக்கிறது. ரோலக்ஸின் சப்மரீனரும் அதே காலத்தது. காற்றுக் கலன் எத்தனை நிமிடத்தில் தீரும் என்று தெரிவதற்காக முகப்பைச் சுற்றித் திருகும் வளையம் வைத்தார்கள். பிறகு எண்ணெய்க் கிணறுகளுக்காகக் கடலடியில் நாட்கணக்கில் அழுத்த அறைகளில் தங்கி வேலை செய்த தொழிலாளர்கள் வந்தார்கள். மார்செய் நகரின் கோமெக்ஸ் நிறுவனத்தின் மூழ்காளர்கள் இதற்குப் பேர்போனவர்கள். அவர்கள் சுவாசித்த ஹீலியம் கடிகாரத்துக்குள் புகுந்து, மேலே வரும்போது கண்ணாடியைத் தெறிக்கவைத்தது. அதைச் சமாளிக்கவே ஹீலியம் வெளியேறும் அடைப்பிதழ் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று குளத்தில்கூட இறங்காதவர் கடிகாரத்தின் ஓரத்திலும் அந்த அடைப்பிதழ் இருக்கிறது. ஒரு தொழிலாளியின் ஆபத்து ஆபரணமாகி ஒட்டியிருக்கிறது.

அந்த மாற்றம் எப்போது நடந்தது? 1969 கடைசியில் ஜப்பானின் செய்கோ, குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் மலிவும் துல்லியமும் சேர்ந்து சுவிஸ் தொழிலை நொறுக்கின. 1970ல் ஏறத்தாழ 90,000 ஆக இருந்த சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை 1980களின் நடுவில் 30,000 சொச்சமாகச் சுருங்கியது. மூழ்காளர்களுக்கோ 1980களில் ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சிறு கணிப்பொறிகள் கிடைத்துவிட்டன. ஆக, சுருள்வில் கடிகாரத்தை நேரம் பார்க்கவும் யாரும் வாங்க வேண்டியதில்லை, ஆழ்கடலுக்குக் கொண்டுபோகவும் வாங்க வேண்டியதில்லை. பயன்மதிப்பு இப்படிக் கழன்றபிறகுதான் அதன் விலை ஏறத் தொடங்கியது. விற்க மிச்சமிருந்தது கதை ஒன்றுதான்: கால்வாய், சிகரம், கடலடி. எழுதப்பட்ட ஆழம் கூடிக்கொண்டே போனது. இறங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இந்த எண்களைப் பற்றி நம்மூர்க் கடைவீதியில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். திருமூர்த்தி மலை அருவிக்கும் கொடிவேரிக்கும் போய்வந்தவர்கள் திங்கட்கிழமை காலையில் கண்ணாடிக்குள் பனி மூடிய கடிகாரத்தோடு வந்து நிற்பார்களாம். “முப்பது மீட்டர்னு போட்டிருந்தா முப்பது மீட்டர் எறங்கலாம்னு நெனச்சுக்கறாங்க. அது மழைக்கும் கை கழுவறதுக்குந்தானுங்க. நூறு போட்டிருந்தாத்தான் நீச்சலே. அதுவும் சாவியச் சரியாத் திருகி மூடோணும். உள்ள ஒரு ரப்பர் ரிங்கு இருக்குதுங்க, அது காஞ்சு போச்சுன்னா முந்நூறும் ஒண்ணு மூணும் ஒண்ணு” என்றார். அவர் சொன்னது சரிதான். எண் குறிப்பது அசையாத நீரின் அழுத்தச் சோதனையை. கை வீசி நீந்தும்போதும், வெயிலில் காய்ந்தது சடாரென்று குளிர்நீரில் முங்கும்போதும் கணக்கு மாறும். சோப்பும் உப்பும் வெந்நீரும் ரப்பரைத் தின்னும். ‘தண்ணீர் புகாது’ என்று எழுதக் கூடாது, ‘தண்ணீரைத் தாங்கும்’ என்றுதான் எழுத வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 1960களின் கடைசியிலேயே கட்டுப்பாடு கொண்டுவந்தது. உப்பு, வெந்நீர் என்ற இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6

இனி திருப்பூருக்குள் வரலாம். இங்கு நேரத்துக்குப் பெயர் ஷிப்ட். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட். இரவு ஒன்பதைத் தொட்டால் ஒண்ணரை. ஆறு நாளும் ஒண்ணரை பார்த்தால் வாரத்துக்கு ஒம்பது ஷிப்ட். “எத்தன ஷிப்ட் பாத்தே?” என்றால் எவ்வளவு சம்பளம் என்றும் அர்த்தம், எவ்வளவு உடம்பு தேய்ந்தது என்றும் அர்த்தம். சனிக்கிழமை சம்பளம். ஷிப்மெண்ட் நெருங்கினால் சனி ராத்திரி ஞாயிறு விடியலாகிவிடும். 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை மூத்த தோழர்கள் இன்னும் நாள் கணக்காகத்தான் சொல்கிறார்கள்.

ஆங்கில வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1967ல் எழுதிய கட்டுரையில் ஸ்காட்லாந்தின் டண்டி நகர ஆலைகளைப் பற்றிய ஒரு சாட்சியம் வருகிறது. முதலாளிகள் ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னே தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னே இழுத்து வைப்பார்கள். நேரம் தெரிந்தவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவதால் தொழிலாளர்கள் கடிகாரம் வைத்திருக்கவே பயந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆலையில் கைக்குக் கடிகாரம் கிடைப்பது உரிமைப் பிரச்சனையாக இருந்தது என்பது இதில் தெரிகிறது. நம் நாட்டில் 1961ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை வந்தது. 1980களில் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் டைட்டனைத் தொடங்கின. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டுவது சடங்கானது. ஆனால் பனியன் கம்பெனிக்குள் அந்த மாப்பிள்ளையின் கடிகாரத்துக்கு மதிப்பில்லை. சங்குதான் நேரம்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. திருப்பூர் முதலாளி டண்டி முதலாளி அல்ல. ஷரத் சாரி 2004ல் வெளியிட்ட தன் ஆய்வு நூலில் காட்டியிருப்பதுபோல, இங்குள்ள முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து மெஷினில் உட்கார்ந்து பின் கம்பெனி வைத்த கவுண்டர்கள். தங்கள் ஏற்றத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் ஒரே சொல்: உழைப்பு. “நாங்களும் கை மடிச்சு வந்தவங்கதானுங்க” என்பதை நான் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் தலித் தொழிலாளியின், பெண் தொழிலாளியின் உழைப்பு அடங்குவதில்லை. அவர்களும் உழைத்தார்கள், கம்பெனி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் “ரிஸ்க் எடுக்கலீங்க” என்று பதில் வருகிறது. உழைப்பு ஒரு கட்டத்தில் ரிஸ்க்காக மாறுகிறது. அதாவது சாகசமாக.

இது புதிதல்ல. இங்கிலாந்திலிருந்து ஐரோப்பாவுக்குத் துணி ஏற்றுமதி செய்து 1407ல் அரச சாசனம் வாங்கிய வணிகர் கூட்டத்துக்குப் பெயரே ‘சாகச வணிகர்கள்’. துணி ஏற்றுமதிக்கும் சாகசம் என்ற சொல்லுக்கும் அறுநூறு வருட உறவு. அலைக்குள் கடிகாரக் கையோடு இறங்கும் நம் ஏற்றுமதிக்காரர் அந்த உறவைத்தான் கட்டியிருக்கிறார். ஒருகாலத்தில் சாயத்தில், மெஷினில் கிடந்த கை இது. இப்போது இது வேலைக்காகத் தண்ணீரில் இறங்கவில்லை, விரும்பி இறங்குகிறது. வித்தியாசத்தைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். கடிகாரம் அந்தச் சாட்சி. அவருடைய ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். உழைப்பிலிருந்து தப்பித்து வந்த ஒரு மனிதனின் நிம்மதியும் அதில் இருக்கிறது. அந்த நிம்மதிக்காக இன்னமும் தண்ணீரில் நிற்பவர்கள் யார் என்பதே பிரச்சனை.

7

சாயப்பட்டறைக்குள் யாரும் கையில் கடிகாரம் கட்டி நிற்பதில்லை. சுற்றுகிற துணி கையோடு இழுத்துவிடும். கட்டினாலும் தாங்காது. பருத்தி பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற வேண்டுமானால் உப்புப் போட வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம், சில சமயம் அதற்கு மேலும். கடல்நீரில் இருப்பது லிட்டருக்கு 35 கிராம்தான். சாயத் தொட்டி கடலைவிட இரண்டு மடங்கு உப்பு. சாயம் ஏற்றுவது பெரும்பாலும் 60 டிகிரி சூட்டில், சோப்புக் கழுவல் கொதிநிலையை ஒட்டி. இடையில் சோடா, ஆசிட், பிளீச்சிங். ரிப்பேர்க்கார அண்ணன் கடிகாரத்துக்கு ஆகாது என்று சொன்ன அத்தனையும் இங்கே ஒரே தொட்டியில் இருக்கின்றன. கைவைக்கிற ஆளின் தோலுக்கு எந்தத் தரச்சான்றும் கிடையாது. நகத்தைப் பார்த்தே இந்த வாரம் என்ன கலர் ஓடியது என்று சொல்லிவிடலாம்.

அந்த உப்பு நொய்யலுக்குப் போனது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டி 1992ல் திறந்த அணை சாயக்கழிவின் தொட்டியானது. தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராடிய அணை அது. அவர்கள் வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றமும் 2009ல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தன. 2011 சனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்போடுதான் திரும்பத் திறக்க முடிந்தது.

இங்கேதான் நாம் யோசிக்காத ஒன்று நடந்தது. ஆற்றுக்குப் போகாத கழிவு தொட்டிக்குள் தங்கியது. தொட்டியடியில் சேறு படிந்தது. சாயத்துக்குப் போடும் கிளாபர் உப்பு ஒரு சல்ஃபேட். காற்றில்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தொட்டியைக் கழுவ இறங்கினவர் செத்தார், அவரைத் தூக்கப் போனவரும் செத்தார் என்ற செய்தி திருப்பூர் வட்டாரத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. இறங்கச் சொல்லப்படுகிறவர் யார், எந்தச் சாதி, எந்த மாநிலத்திலிருந்து வந்தவர் என்பதைத் தனியாக எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தொட்டியின் ஆழம் சில மீட்டர். 300 அல்ல.

மூழ்காளர் கடிகாரத்துக்கென்று சர்வதேசத் தர அமைப்பு வகுத்த 6425ஆம் விதி, எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. மாதிரிக்கு ஒன்றை எடுத்துச் சோதித்தால் போதாது, ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். தொட்டிக்குள் இறங்கும் மனிதருக்கும் இப்படி ஒரு விதியை 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். தொட்டிக்குள் விஷவாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் மூச்சுக் கருவி அணிந்து இடுப்பில் வார் கட்டியிருக்க வேண்டும். வாரோடு சேர்ந்த கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

கயிற்றின் மறுமுனை. மன்னார்க் கடலில் மச்சான் பிடித்திருந்த அதே கயிறு. சட்டம் எழுதினவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் முங்குகிறவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த ஏற்பாடும் சட்டம் கண்டுபிடித்த ஏற்பாடும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒரு வித்தியாசம்: முத்துக்குளித்தவர்கள் கடல்கட்டி வராமல் இறங்கமாட்டோம் என்று கரையில் உட்கார முடிந்தது. கூட்டமாக இருந்ததால் முடிந்தது. ஒப்பந்தக்காரர் பைக்கில் ஏற்றிவந்து இறக்கிவிடும் இரண்டு பேரால் அப்படி உட்கார முடிவதில்லை.

நம் உண்மை அறியும் குழுக்கள் இப்படிச் சாவு நடந்த பட்டறைக்குப் போகும்போது இழப்பீடு எவ்வளவு, வழக்குப் பதிவானதா என்ற கேள்விகளோடு திரும்பிவிடுகின்றன. இன்னும் சில கேள்விகளையும் கேட்க வேண்டும். அன்றைக்குக் காற்றைச் சோதித்தது யார்? எழுதிக் கொடுத்த தாள் எங்கே? கயிறு இருந்ததா? இருந்தால் அதைப் பிடித்திருந்தது யார், அவருக்கு அன்று சம்பளம் உண்டா? கயிறு பிடிப்பதற்கென்று ஒரு ஆளுக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் தர வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தக் கோரிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். சங்கத்தில் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான் அந்த வரி எழுதப்பட வேண்டும்.